கால் இஞ்சுக்கு ஒரு நூல் குறைய

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

திண்டுக்கல் வெயிலில் போர்வை எதற்கு என்று நீங்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. மார்கழியில்கூட மின்விசிறியை நிறுத்த மனம் வராத ஊர் நம் ஊர். ஆயினும் எங்கள் வகுப்பில் உள்ள 36 பேரும் சேர்ந்து இந்த ஆண்டு ஒரு போர்வை தைத்து முடித்தோம். கடையில் வாங்கும் கம்பளியன்று. துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டி, நடுவில் பஞ்சு விரித்து, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்று அடுக்கையும் தையல் இயந்திரத்தில் ஒன்றாகத் தைத்த ஒட்டுப் போர்வை. ‘குவில்ட்’ என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்களே, அதுதான்.

நம் ஆயாம்மாவை அறியாதவர் இங்கே யார்? மணி அடிப்பவரும் அவரே; பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுபவரைத் தாங்கிப் பிடிப்பவரும் அவரே. 31 ஆண்டுகள் இப்பள்ளியில் பணியாற்றிய ஆயாம்மா, டிசம்பரோடு ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போவதாகச் செய்தி வந்தது. மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது கொடைக்கானலையும் தாண்டி, மன்னவனூரில். “அங்க குளிரு எலும்புக்குள்ள போய் உக்காந்துக்கும் பாப்பா” என்று ஆயாம்மா சொன்ன அன்றே எங்கள் தையல் டீச்சர் முடிவு செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் சில ஆண்டுகள் இருந்து, அங்கே மாலை வகுப்பில் இக்கலையைப் பயின்று திரும்பிய நம் பழைய மாணவி ஒருவர் கற்றுத்தரச் சம்மதித்தார். அவரை நாங்கள் அக்கா என்றே அழைத்தோம். தலைமைச் சகோதரி அவர்களோ, “பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்கு சனிக்கிழமைக்கு மேல் ஒரு மணி நேரம்கூடத் தரமாட்டேன்” என்று சொல்லிவிட்டார்கள். நான்கு சனிக்கிழமை, ஆறு மிதி இயந்திரம், 36 பேர். இதுதான் எங்கள் கைவசம் இருந்த முதல்.

முதலில் இதை ஏதோ வெளிநாட்டுக் கலை என்றே எண்ணினோம். அக்கா சிரித்தார். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைகளின் கரையிலிருந்தே நூலை உருவி, ஓட்டுத் தையலால் தைப்பது ‘காந்தா’. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முன்னோரின் வழிவந்தவர்கள், ‘கவுதி’ என்னும் போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போவது அவர்கள் முறை. நான்கு மூலையிலும் மடித்த துணியால் ஒரு பூ வைக்காவிட்டால் போர்வை நிர்வாணமாக இருக்கிறது என்பார்களாம்! அமெரிக்காவிலே அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்தோடும் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் வாழும் கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். அதே போர்வைகளை 2002-ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகம் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்தது. 2006-இல் அவை அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. ஏழைப் பெண்ணின் கந்தல் எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்! நம் பாட்டிமாரும் பழஞ்சேலையை நாலாக மடித்துத் தைத்துத்தானே பிள்ளைகளைக் கிடத்தினார்கள்? அதற்கு ஒரு பெயர் வைத்து, பூ வைக்காமல் விட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

இனி வேலைக்கு வருவோம்.

துணி வீட்டிலிருந்து வந்தது. சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைகளின் பழைய முந்தானைகள், சிறிதாகிப்போன நீலச் சீருடைப் பாவாடைகள், வெள்ளைச் சட்டைகள். எல்லாம் பருத்தியாக இருக்க வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. நைலக்ஸ் கொண்டு வந்தவர்கள் திருப்பி எடுத்துச் செல்ல நேர்ந்தது. பருத்தியும் செயற்கை இழையும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. ஒன்று சுருங்கி மற்றொன்று சுருங்காவிட்டால் போர்வை முதல் துவைப்பிலேயே அப்பளம்போல் நெளிந்துவிடும். அதனால்தான் வெட்டுமுன் எல்லாத் துணியையும் நனைத்துத் துவைத்து உலர்த்த வேண்டும். சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். சாயம் போவதும் அப்போதே போகட்டும். சிவப்புச் சுங்குடியைத் தனி வாளியில் போடச் சொன்னார்கள். எங்களில் ஒருத்தி வெள்ளைச் சட்டைகளோடு சேர்த்துப் போட்டுவிட்டாள். எங்கள் போர்வையில் ஏன் ரோஜா நிறம் இருக்கிறது என்று யாரேனும் கேட்டால் காரணம் இதுதான்.

துணியில் பாவு நூல் நீளவாட்டில் ஓடும். ஊடை நூல் குறுக்கே ஓடும். இவ்விரு திசையிலும் இழுத்தால் துணி அதிகம் இடம் கொடுக்காது. மூலைவாட்டில் இழுத்துப் பாருங்கள், ரப்பர்போல நீளும். தையற்காரர்கள் இதைக் ‘கிராஸ்’ என்பார்கள். ரவிக்கைக்குக் கிராஸ் அழகு. ஒட்டுப் போர்வைக்கு அது ஆபத்து. சதுரத்தின் நான்கு பக்கமும் நூலோட்டத்தோடு இருந்தால்தான் அது சதுரமாகவே நிற்கும். நேரான ஓட்டம் தெரியாவிட்டால், விளிம்பில் ஒரு வெட்டு வெட்டிக் கிழியுங்கள். பருத்தித் துணி நூலைப் பிடித்துக்கொண்டே கிழியும்.

எங்கள் திட்டம் இதுதான். ஒன்பது சிறு சதுரங்களை மூன்று வரிசையாகத் தைத்தால் ஒரு கட்டம். அப்படி 18 கட்டங்கள். இருவருக்கு ஒன்று வீதம் 36 பேருக்கும் சரியாக வந்தது. இடையிடையே ஒரே துணியில் வெட்டிய 17 வெறுங்கட்டங்கள். குறுக்கே 5, நெடுக்கே 7, ஆக 35. சிறு சதுரத்தை மூன்றரை இஞ்சாக வெட்ட வேண்டும். தைத்து முடிந்ததும் அது மூன்று இஞ்சாகத் தெரியும். அக்காவிடம் சக்கரம்போல் உருட்டி வெட்டும் ஒரு கத்தி இருந்தது. ஓல்ஃபா என்ற ஜப்பானிய நிறுவனம் 1979-இல் கொண்டுவந்ததாம். நான்கு மடிப்புத் துணியை அப்பம்போல் வெட்டியது. ஆனால் இருந்தது ஒன்றே ஒன்று. நாங்கள் அளவு அட்டையும் சாக்கும் கத்தரிக்கோலும் கொண்டே 162 சதுரங்களை வெட்டினோம். அளவு அட்டையை மட்டும் காகித அட்டையில் செய்யாதீர்கள். இருபது தடவை சாக்கு உரசினால் அதன் ஓரம் தேய்ந்து, சதுரம் நம்மை அறியாமலே சிறுத்துவிடும். நாங்கள் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டி வைத்துக்கொண்டோம். யாருடைய முழங்காலோ தெரியவில்லை, அது எங்களுக்கு மிகவும் உதவியது.

இரண்டாம் சனிக்கிழமைதான் எங்களைக் கவிழ்த்தது.

ஒட்டுப் போர்வையில் தையலுக்கு விடும் இடம் கால் இஞ்சு. கணக்கைப் பாருங்கள். மூன்றரை இஞ்சுச் சதுரம் மூன்றை அடுத்தடுத்து வைத்தால் பத்தரை இஞ்சு. ஒவ்வொரு தையலும் இரு பக்கத்திலும் கால் கால் இஞ்சாக, மொத்தம் அரை இஞ்சை விழுங்கும். இரண்டு தையலுக்கு ஒரு இஞ்சு போக மீதி ஒன்பதரை. ஆக எல்லாக் கட்டமும் ஒன்பதரை இஞ்சாக வர வேண்டும். வெறுங்கட்டத்தையும் ஒன்பதரைக்கே வெட்டி வைத்திருந்தோம்.

“கால் இஞ்சுன்னு சொன்னாலும், அதுக்கு ஒரு நூல் குறையத் தைங்க” என்றார் அக்கா. காரணமும் சொன்னார். துணியைப் பிரித்து மடக்கித் தேய்க்கும்போது அந்த மடிப்பின் முதுகிலேயே ஓர் இழை அளவு துணி போய்விடும். அதை ஈடுகட்டத்தான் ஓர் இழை குறைத்துத் தைப்பது. நாங்கள் தலையாட்டினோம். ஆறு இயந்திரமும் தடதடவென்று ஓடின. இரண்டு இரண்டு சதுரங்களாக, நூலை அறுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக ஊசிக்கடியில் செலுத்தினால் பின்புறம் தோரணம்போல் தொங்கிக்கொண்டு வரும். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். பகல் உணவுக்கு முன்பே 18 கட்டங்களும் முடிந்துவிட்டன. எங்களுக்குத்தான் எத்தனை பெருமை!

டீச்சர் இஞ்சு டேப்பை எடுத்தார்கள். ஒன்பதரை இருந்தவை ஆறே ஆறு. பதினொரு கட்டங்கள் ஒன்பது இஞ்சும் அதற்குச் சற்று மேலுமாக இருந்தன. ஒரே ஒரு கட்டம் பத்து இஞ்சு!

அந்தப் பத்து இஞ்சுக் கட்டத்தைப் பார்த்து நாங்கள் சிரித்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. தைத்தவள் தச்சு வேலை செய்பவரின் மகள். அவள் அழவில்லை, எழுந்து நின்று, “அக்கா ஒரு நூல் குறையன்னுதான சொன்னாங்க? எட்டு நூல் ஒரு இஞ்சு. கால் இஞ்சுன்னா ரெண்டு நூல். அதுல ஒரு நூல் போனா ஒரு நூல். அப்படித்தான் தச்சேன்” என்றாள். கூடம் அமைதியாகிவிட்டது. தச்சர்களுக்கும் கொத்தர்களுக்கும் ‘நூல்’ என்பது ஓர் அளவு. இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அவள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது. அக்கா சொன்னது ஊசியில் கோக்கும் நூலின் கனத்தை. அவள் கேட்டது அப்பாவின் மட்டப்பலகையில் உள்ள நூலை. எட்டில் ஒரு பங்கு இஞ்சில் தைத்தால் ஒரு தையலுக்குக் கால் இஞ்சுதானே குறையும்? இரண்டு தையலுக்கு அரை இஞ்சு. பத்தரையில் அரை போனால் பத்து. சொன்னதைத் துளியும் பிசகாமல் செய்திருந்தாள். “தப்பு என்னோடதும்மா” என்று அக்கா எல்லார் முன்னிலையிலும் சொன்னார்.

அப்படியானால் எங்கள் ஒன்பது இஞ்சுக்கு என்ன காரணம்? பழக்கம்தான். ஏழாம் வகுப்பிலிருந்து பாவாடையும் ரவிக்கையும் தைத்துப் பழகிய கை. உடுப்புக்குத் தாராளமாக இடம் விட வேண்டும். பின்னால் பிரித்துப் பெரிதாக்கலாம். அந்தத் தாராளம் எங்களை அறியாமல் கால் இஞ்சை முக்கால் பங்கு அரை இஞ்சாக, அதாவது எட்டில் மூன்றாக, ஆக்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. ஆனால் சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமா? தையலில் பதினாறில் ஒரு பங்கு இஞ்சு தவறினால்கூட, இரு பக்கமும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு. எங்கள் முதல் வரிசையில் மூன்று கட்டங்களும் இரண்டு வெறுங்கட்டங்களும். நெடுக்குத் தையல்கள் பத்து. ஒன்றேகால் இஞ்சு காணாமற் போய்விடும். அடுத்த வரிசையில் இரண்டு கட்டங்கள், மூன்று வெறுங்கட்டங்கள், தையல்கள் எட்டு. அங்கே போவது ஒரு இஞ்சு. இரு வரிசையையும் ஒட்டும்போது கால் இஞ்சு எங்கே போயிற்று என்று யாரைக் கேட்பது?

இனிதான் வேடிக்கை. பத்து இஞ்சுக் கட்டத்தைச் சரிசெய்ய எவ்வளவு நேரமாயிற்று தெரியுமா? பத்து நிமிடம். இடம் குறைவாக விட்ட தையலுக்கு உள்ளே தள்ளி இன்னொரு தையல் போட்டால் தீர்ந்தது. பழையதைப் பிரிக்கவே வேண்டாம். அதிக இடம் விட்டவர்களுக்கு அந்த வழி இல்லை. ஒவ்வொரு தையலாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் வரிசைக்கு இரண்டாக ஆறு சிறு தையல், வரிசைகளைச் சேர்க்கும் இரண்டு நெடுந்தையல், ஆக எட்டு. பதினொரு கட்டத்துக்கு 88 தையல்கள்! சிரித்தவர்கள் அனைவரும் தரையில் உட்கார்ந்து பிரித்தோம். அவளும் வந்து உட்கார்ந்து இரண்டு கட்டம் பிரித்துக் கொடுத்தாள். நாங்கள் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை; சொல்லியிருக்க வேண்டும்.

பிரிப்பதற்கும் முறை உண்டு. நூலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் துணி நீண்டு, சதுரம் சாய்சதுரமாகிவிடும். ஒரு பக்கத்தில் மட்டும் நான்கு தையலுக்கு ஒரு தையலாக வெட்டிக்கொண்டே போங்கள். பிறகு துணியைத் திருப்பி, மறுபக்கத்து நூலை மெதுவாக இழுங்கள். ஒரே இழையாகக் கையோடு வந்துவிடும்.

அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தாள். உள்ளே ஆறு சிறு மரச் சட்டங்களும், இஞ்சு அகலத்தில் கால் பங்காகச் சீவிய ஒரு மெல்லிய குச்சியும். அவள் அப்பா செய்தது. ஊசி இறங்கும் இடத்திலிருந்து குச்சியின் அகலத்தை அளந்து, அந்த இடத்தில் சட்டத்தை இயந்திரத்தின் பலகையில் ஒட்டிவிட்டோம். துணியின் ஓரம் சட்டத்தை உரசிக்கொண்டே போனால் தையல் தானாகக் கால் இஞ்சில் விழும். ஊசியையோ துணியையோ பார்க்க வேண்டியதில்லை, சட்டத்தைப் பார்த்தால் போதும். ஆனால் ஒட்டியவுடன் நம்பிவிடக் கூடாது. ஒன்றரை இஞ்சு அகலத்தில் மூன்று கீற்றுத் துணி வெட்டி ஒட்டித் தேயுங்கள். நடுக் கீற்று மிகச் சரியாக ஒரு இஞ்சு இருந்தால் உங்கள் கால் இஞ்சு உண்மையான கால் இஞ்சு. இல்லையேல் சட்டத்தை ஓர் இழை நகர்த்துங்கள். (எந்த இழை என்பதை இப்போது விளக்கத் தேவையில்லை!)

தேய்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக்குத் தேய்ப்பதுபோல் இழுக்கக் கூடாது, துணி நீண்டுவிடும். வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். முதல் வரிசைத் தையல்களை எல்லாம் வலப்புறம் சாய்த்தால் இரண்டாம் வரிசையை இடப்புறம் சாய்க்க வேண்டும். அப்போது வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், இரண்டு மடிப்பும் கைகோத்ததுபோல் ஒன்றையொன்று முட்டி நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். நான்கு சதுரங்களின் மூலையும் ஒரு புள்ளியில் சந்திப்பதன் மர்மம் அவ்வளவுதான். முதன்முதலில் அப்படி ஒரு மூலை சேர்ந்தபோது நாங்கள் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார்கள்.

மேல் துணி முடிந்து சுற்றிலும் நான்கு இஞ்சு நீலக் கரை கொடுத்ததும், 53-க்கு 71 இஞ்சு வந்தது. அடுத்தது நடு அடுக்கு. தலையணைக்குப் போடும் இலவம் பஞ்சை வைக்கலாமே என்று நாங்கள் கேட்டோம். அது வழுக்கும் பஞ்சு. தைத்த கோடுகளுக்கிடையில் நழுவி, துவைத்ததும் ஒரு மூலையில் உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும். விரிப்பாகவே சுருட்டி மீட்டர் கணக்கில் விற்கும் பாலியெஸ்டர் பஞ்சைத்தான் வைத்தோம்.

மேடையின் தரையைக் கழுவித் துடைத்து, அடித்துணியாக ஒற்றைக் கட்டில் விரிப்பு ஒன்றைத் தலைகீழாக விரித்து, ஓரங்களை இழுத்து டேப்பால் ஒட்டினோம். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் எங்கள் ஒட்டுத்துணி. பிறகு ஊக்கு. உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஓர் ஊக்காவது கையில் பட வேண்டும் என்பது விதி. ஆளுக்கு ஆறு வீதம் 216 ஊக்குகள் வீட்டிலிருந்து கொண்டு வந்தோம். அந்த வாரம் எங்கள் வீடுகளில் அம்மாமார் சேலைக்கு ஊக்குத் தேடியிருப்பார்கள்.

மூன்று அடுக்கையும் இயந்திரத்தில் தைப்பது ஒட்டுவதைவிடக் கடினம். இயந்திரத்தில் துணியை நகர்த்துவது ஊசிக்குக் கீழே உள்ள பற்கள். அவை அடித்துணியை மட்டுமே பிடித்து இழுக்கின்றன. மேலே அழுத்தும் பாதம் மேல்துணியைத் தடுத்து நிறுத்துகிறது. மெல்லிய துணியில் இது தெரியாது. தடித்த மூன்று அடுக்கில், அடித்துணி முன்னே போய்விட, மேல்துணி பின்தங்கிப் பாதத்துக்கு முன்னால் அலையாகச் சேர்ந்துகொண்டே வரும். குறுக்கே போகும் அடுத்த கோட்டை அடையும்போது அந்த அலை சுருக்கமாக மாட்டிக்கொள்ளும். மேலும் கீழும் சேர்ந்து நடக்கும் தனிப் பாதம் இதற்கென்றே விற்கிறார்கள். அது எங்கள் பழைய இயந்திரங்களுக்குப் பொருந்தவில்லை. அக்கா சொன்ன மாற்று வழிகள்: பாதத்தின் மேல் திருகைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைப்பது, தையலைச் சற்று நீளமாக, இஞ்சுக்கு எட்டு பத்து என்று வைப்பது, நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கிப் போவது, எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் தைப்பது. போர்வையின் எடை மேசையிலிருந்து கீழே தொங்கினால் அதுவே துணியை இழுக்கும். ஆகவே போர்வையை இரு பக்கமும் சுருட்டி, ஒருத்தி தைக்க, ஒருத்தி முன்னால் தாங்க, ஒருத்தி பின்னால் வாங்க, மூவராகச் செய்தோம். மிதியைத் தடுமாறிப் பின்னுக்கு மிதித்தவர்களுக்கு நூல் அறுந்தது. மொத்தம் எத்தனை முறை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.

வெறுங்கட்டங்களில் பூ தைப்பது இன்னொரு வகை. பாதத்தைக் கழற்றிவிட்டு, பற்களையும் மூடிவிட்டால், துணியை நகர்த்த இயந்திரத்துக்கு வழியில்லை. நம் கைதான் நகர்த்த வேண்டும். ஊசி பென்சில், துணி காகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பென்சில் அசையாது, காகிதம் அசையும். கால் வேகமாகவும் கை மெதுவாகவும் போனால் தையல் பொடிப்பொடியாகக் குவியும். கை ஓடிக் கால் தளர்ந்தால் நீளநீளமாக விழும். இது புதிதன்று என்று டீச்சர் சொன்னபிறகுதான் உறைத்தது. நம் பள்ளியில் வளையத்தில் துணியை மாட்டி இயந்திரப் பூத்தையல் போடுகிறோமே, அதே வித்தை. அதில் கைதேர்ந்த நால்வர் மட்டும் 17 கட்டத்திலும் பூப் போட்டார்கள். மற்றவர்கள் முயன்ற மாதிரித் துணிகளைப் பார்த்தால் கோழி கிளறியதுபோல் இருந்தது.

நான்காம் சனிக்கிழமை மாலை ஓரப்பட்டி தைக்கும்போது மணி ஐந்தரை. கடைசி மூலையில் அடித்துணியில் ஒரு சுருக்கம் மாட்டியிருந்தது. பிரிக்கலாமா என்று கேட்டோம். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்கள்; பிறகு எங்களைப் பார்த்தார்கள். விட்டுவிட்டோம்.

விடைபெறும் கூட்டத்தில் ஆயாம்மா அழவில்லை. போர்வையை மேசைமேல் விரித்து, முன்பக்கத்தை ஒரு பார்வை பார்த்து, உடனே புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். நேராக அந்த மூலைக்கு விரல் போயிற்று. “இங்கன ஒரு சுருக்கம் இருக்கே?” நாங்கள் தலைகுனிந்தோம். ஆயாம்மா மறுபடி முன்பக்கம் திருப்பி, நீலச் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, இது எந்த வகுப்புப் பாவாடை, இது யாருடையது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் மணி அடிக்க வேண்டிய நேரம் தாண்டியும் அன்று யாரும் மணி அடிக்கவில்லை.

பொங்கல் முடிந்து மன்னவனூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மகள் எழுதியிருந்தார். போர்வையைக் கம்பளிக்கு மேல் போட்டுக்கொள்வதாகவும், பேரன் தினமும் ஒரு சதுரத்தைத் தன்னுடையது என்று சொல்லிச் சண்டை போடுவதாகவும் செய்தி. எங்களிடம் ஒரே கேள்வி: இதை எப்படித் துவைப்பது? வகுப்பே கூடி உட்கார்ந்து பதில் எழுதினோம். குளிர்ந்த நீரில் தனியாக ஊறவைக்கவும். கல்லில் அடிக்க வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். கையால் அமுக்கி நீரை வடியவிடவும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் தையல் இழுபடும். ஒரு கட்டிலின்மேல் விரித்து நிழலில் உலர்த்தவும். அந்த மூலைச் சுருக்கத்தை மட்டும் யாரும் பிரிக்க வேண்டாம் என்று ஆயாம்மாவிடம் சொல்லவும். ஓரப்பட்டியும் அதே தையலில்தான் நிற்கிறது.